தில்லை மரத்தைக் காட்டியவர்களுக்கு நன்றி

வணக்கம். மயிலாடுதுறைப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஞாயிறுதோறும் தேவார வகுப்பு நடக்கிறது. சென்ற தை மாதம் ஒரு சின்னப் பெண், "தில்லைன்னா ஊர் பேரா, சாமி பேரா?" என்று கேட்டாள். மரத்தின் பேர்தான் சிதம்பரம் ஊருக்கு வந்தது என்றேன். மரம் எப்படி இருக்கும் என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை வைத்துத்தான் பிள்ளைகளைத் தலமரங்களை, அதாவது ஒவ்வொரு கோயிலுக்கும் உரிய புனித மரங்களைப் பார்க்கக் கூட்டிப்போக ஆரம்பித்தோம்.

முதலில் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் அம்மாவுக்கு நன்றி. ஒரு பைசா வாங்காமல் எல்லாப் பயணத்துக்கும் வந்தார். திருவெண்காட்டில் ஆல், கொன்றை, வில்வம் என்று மூன்று தலமரம். அங்கே நீளமான கொன்றைக் காய் ஒன்றைக் கீழிருந்து எடுத்து உடைத்துக் காட்டினார். உள்ளே காசு அடுக்கியதுபோலத் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விதை, கறுப்பாய்ப் பிசுபிசுவென்று ஒரு சதை. சிவனுக்குக் கொன்றை மாலை என்று பாடுகிற பிள்ளைகள் அன்றைக்கெல்லாம் கையை முகர்ந்துகொண்டே இருந்தார்கள்.

அப்புறம் பிச்சாவரம். சிதம்பரத்தின் தலமரமான தில்லையை ஊருக்குள் தேடினால் கிடைக்காது, சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி இந்த அலையாத்திக் காட்டுக்குத்தான் வரவேண்டும். பேசிவைத்த வேன் வராது என்று முந்தின ராத்திரி சொல்லிவிட்டார்கள். அந்நேரத்தில் கதவைத் தட்டியும் முகம் சுளிக்காமல், டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு தன் வண்டியைத் தந்த பக்கத்துத் தெரு அண்ணனுக்கும், விடியுமுன் புளிசாதம் கட்டிக் கொடுத்த அம்மாமார்களுக்கும், தண்ணீர் கேனும் ஒரு பை நிறைய பன்னும் ஏற்றிவிட்ட டீக்கடை பாய்க்கும் எப்படி நன்றி சொல்ல!

படகோட்டி அண்ணன் துடுப்பை நிறுத்தி ஒரு இலையைக் கிள்ளினார். காம்பில் வெள்ளையாகப் பால் துளிர்த்தது. "கண்ணுல பட்டா பார்வையே போயிடும், கையைக் கட்டிக்கிட்டுப் பாருங்க" என்றார். கிளையில் சில இலைகள் உதிரும் முன் சிவந்திருந்தன. எங்கள் ஓதுவார் ஐயா எழுந்து நிற்கப் போய், படகு ஆடியதால் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். "நாற்பது வருஷமா தில்லை தில்லைன்னு பாடுறேன், இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

அந்தக் காட்டின் இன்னொரு மரமான சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டுத் தொங்குவதைப் பார்த்து, "பிள்ளைக்கு நடக்கக் கத்துக்கொடுத்துட்டு அனுப்புது" என்றான் ஒருவன். 2004 சுனாமியில் இந்தக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களுக்கு அடி குறைவு என்று படகோட்டி அண்ணன் சொன்னபோது ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. அண்ணே, அந்த அரைமணி நேரத்தில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நான் வகுப்பில் ஒரு வருஷம் பேசியிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

கடைசியாக எங்கள் குருக்களுக்கு. பிள்ளைகள் குளக்கரையில் மூன்று வில்வக் கன்று நட்டதும், அபிஷேகத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிற வழியை அடைத்துக் கன்றுகள் பக்கம் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டார், தாமே மண்வெட்டி பிடித்து. இரண்டு கன்று நன்றாகத் துளிர்த்துவிட்டது. மூன்றாவதை ஆடு கடித்துவிட்டது. அதற்கு முள் கட்டியிருக்கிறோம், அடியிலிருந்து ஒரு தளிர் வந்திருக்கிறது.