ராத்திரிக் கணக்கு

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ கேட்டது இன்னும் காதிலேயே நிற்கிறது. "பாப்பா என்கிட்ட எத்தனை ராத்திரி தங்கினா தொகை குறையும்மா?" கணக்கு எழுதியே பிழைத்தவளிடம் கேட்டால் பதில் வரும் என்று கேட்டிருப்பாய். வரும், சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. "அவளுக்குக் கொடுக்கிற ஜீவனாம்சம்" என்று இரண்டு தடவை சொன்னாய். ஜீவனாம்சம் வேறு, பிள்ளைக்கான பராமரிப்புத் தொகை வேறு. இது பாப்பாவின் பணம். வாங்குகிற கை மட்டும்தான் உன்னைப் பிரிந்திருக்கும் அவள் அம்மாவுடையது. "எனக்கு ஒரு காசும் வேண்டாம்" என்று அவளே ரோஷத்தில் எழுதிக் கொடுத்தாலும், பல நாடுகளில் கோர்ட் அதை அப்படியே ஏற்பதில்லை.

கணக்கு நாட்டுக்கு நாடு மாறும். உனக்குச் செல்லுபடியாவது எது என்று உன் வக்கீல் சொல்லட்டும். சுலபமான வழி, கொடுப்பவர் வருமானத்தில் இத்தனை சதவீதம் என்று வெட்டிவிடுவது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பிள்ளைக்கு 17 சதவீதம், இரண்டுக்கு 25, மூன்றுக்கு 29. இரண்டாவது பிள்ளைக்குச் செலவு இரட்டிக்காது என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது, பார். ஆனால் பிள்ளையை வைத்திருப்பவர் என்ன சம்பாதிக்கிறார் என்பது இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

அங்கேயே பெரும்பாலான மாநிலங்கள் வேறு மாதிரி போடுகின்றன. எனக்கு நியாயமாகப் படுவது அதுதான். நீங்கள் ஒரே வீட்டில் இருந்திருந்தால் இரண்டு சம்பளத்திலிருந்தும் பிள்ளைக்கு எவ்வளவு போயிருக்கும்? அதற்கு ஓர் அட்டவணை உண்டு. உன் வருமானம் 60, அவளுடையது 40 என்று வைத்துக்கொள். அட்டவணை 20 என்று காட்டுகிறது. உன் பங்கு 12, அவள் பங்கு 8. பாப்பா அவளோடு இருப்பதால் நீ உன் 12-ஐ அனுப்புகிறாய். அவளுடைய 8-க்கு எந்த ரசீதும் இருக்காது. ஷூ, காய்ச்சல் மருந்து, கரன்ட் பில் என்று வீட்டுக்குள்ளேயே கரைந்துவிடும். "நான் மட்டும்தானே கொடுக்கிறேன்" என்று நீ புலம்புவது இது தெரியாமல்தான். பகல்நேரக் குழந்தைகள் காப்பகக் கட்டணம், மருத்துவக் காப்பீடு போன்றவற்றை இதற்கு மேல் தனியாக வைத்து, அதே 60-க்கு 40 கணக்கில் பிரிப்பார்கள்.

வேலை நிஜமாகவே போனால் அன்றைக்கே மறுகணக்குக் கேட்டு மனு கொடு. ஏறிப்போன பாக்கியைப் பின்னால் போய்க் குறைப்பது லேசில் நடக்காது. தொகையைக் குறைக்கவே வேலையை விட்டாய் என்று தெரிந்தால், உன்னால் என்ன சம்பாதிக்க முடியுமோ அதை வைத்துப் போட்டுவிடுவார்கள். நீ அப்படிச் செய்கிறவன் இல்லை, தெரியும்.

இப்போது ராத்திரி. பிரிட்டனில் வருஷத்துக்கு 52 ராத்திரி தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 என்றால் ஏழில் இரண்டு, 156 என்றால் மூன்று. 175-ஐத் தொட்டால் பாதி. 51-ஆவது ராத்திரி வரை ஒன்றுமில்லை, அடுத்த ராத்திரிக்கு மட்டும் விலை! அந்த ஒரு ராத்திரிக்காகப் பெற்றவர்கள் மல்லுக்கு நிற்பார்கள். பிள்ளை உன்னிடம் இருக்கும்போது உனக்கும் செலவாகிறதே, அதற்குத்தான் அந்தக் கழிவு. கழிவுக்காகப் பிள்ளையைத் தங்க வைப்பது என்ன கணக்கு?

என் பழைய நோட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் உன் அப்பா அனுப்பியது, வலது பக்கம் உன் செலவு. உனக்கு ஒன்பது வயசான வருஷம் இடது பக்கத்தில் நாலு மாசம் வெறுமையாக இருக்கிறது. "அப்பா அனுப்பினாராம்மா?" என்று நீ கேட்டபோதெல்லாம் "ம்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். வலது பக்கத்தில் ஒரு மாசமும் வெறுமையாக இல்லை.

கடைசி மூன்று மாசச் சம்பளச் சீட்டை அனுப்பு. நானும் ஒருதரம் கூட்டிப் பார்க்கிறேன்.

அம்மா

பி.கு: போன தடவை உன் வீட்டில் சோபாவில்தான் தூங்கினாளாம். பாப்பாவே சொன்னாள். ஒரு கட்டில் வாங்கிப் போடு.