ஒஸ்லோவிலிருந்து ஒரு கச்சேரிக் கடிதம்

ஒஸ்லோ, மாசி மாதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? போன கிழமை கதைத்தபோது, "அங்கே கச்சேரி ஏதும் கேட்கிறனியோ, இல்லை வேலையும் நித்திரையும்தானோ?" என்றீர்கள். பிள்ளைகளின் சத்தத்துக்குள் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வேலை அதே வெதுப்பகத்தில்தான், இரவு இரண்டு மணிக்குத் தொடங்கும். வெளியே எலும்பு வரைக்கும் குளிர், உள்ளே போறணைச் சூடு. இங்கத்தைய பாண் கறுப்பு, கனம். ஒரு துண்டு சாப்பிட்டாலே மத்தியானம் வரை பசிக்காது. மா குழைக்கும் மெசினுக்கு மேலே ஒரு பழைய சீடி பிளேயர் இருக்கிறது. அதன் பொத்தான்களில் மா அப்பி, எழுத்தே தெரியாது. எங்கள் தலைமை வேலையாள் ஒரு நோர்வேக்காரர், வாய் திறந்து நாலு வார்த்தை கதைக்க மாட்டார். அவர் போடுவதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். அவர் போடுவது ஜாஸ்.

அப்படிக் கேட்டதுதான் நோர்வே சாக்சபோன்காரர் யான் கார்பரேக்கின் இரட்டை இசைத்தட்டு. 2007 ஒக்டோபரில், சுற்றுப்பயணத்தில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வாசித்ததை அப்படியே பதிந்து, 2009இல் வெளியிட்டார்கள். நாலே பேர். சாக்சபோன் கார்பரேக், கீபோர்டு ஜெர்மன்காரர் ரைனர் புரூனிங்ஹவுஸ், பேஸ் கிற்றார் பிரேசிலைச் சேர்ந்த யூரி டானியல், டிரம்ஸ் பிரான்சின் மனு கட்சே. நாலு பேரும் நாலு தேசம்.

முதல் உருப்படி 'பேப்பர் நட்'. அது யாருடையது தெரியுமா? வயலின் வித்துவான் எல். சங்கருடையது! வயலின் லட்சுமிநாராயணாவின் மகன், எல். சுப்பிரமணியத்தின் தம்பி. யாழ்ப்பாணத்தில் அவர் அப்பா வயலின் படிப்பித்ததையும், 1958 கலவரத்தோடு குடும்பம் சென்னைக்குப் போனதையும் நீங்கள்தானே எனக்குச் சொன்னது. எண்பதுகளில் சங்கரும் கார்பரேக்கும் சேர்ந்து தட்டுப் போட்டிருக்கிறார்கள். டிரெஸ்டனில் வயலின் கிடையாது, மெட்டை சாக்சபோன் எடுத்துக்கொள்கிறது. அட்டையைத் திருப்பி அந்தப் பெயரைப் படித்துவிட்டுத் தலைமை வேலையாளிடம் "இவர் எங்கள் ஊரில் வளர்ந்தவர்" என்றேன். அன்றைக்குத்தான் அவர் என்னோடு முழுதாகப் பத்து நிமிடம் கதைத்தார்.

கார்பரேக்கின் கதையையும் அவர்தான் சொன்னார். அப்பா போலந்துக்காரர், போர்க் கைதியாக நாசிகள் நோர்வேக்குக் கொண்டு வந்தவர். அம்மா இந்த நாட்டுக் கமக்காரர் வீட்டுப் பெண். 1947இல் மீசன் என்ற சின்ன ஊரில் பிள்ளை பிறந்தது, ஆனால் ஏழு வயது வரை அந்தப் பிள்ளைக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. இன்றைக்கு நோர்வேயின் மலையும் பனியும் அவருடைய வாத்தியத்தில் கேட்குது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் அகதி விண்ணப்பத்துக்கு மறுமொழி வரும்வரை முகாமில் காத்துக் கிடந்த எனக்கு அதை நினைக்கச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். அவருடைய நாதம் குழைவானது இல்லை. நேராக, உரத்து, ஓரம் கூராக வரும். ஒரு சுரத்தை நீட்டி நிறுத்தினால் நாகஸ்வரத்தில் கார்வை பிடிக்கிற மாதிரியே நிற்கும், அதனால் உங்களுக்குப் பிடிக்கும் என்றே நினைக்கிறேன். கீபோர்டு சில இடங்களில் சீனி கூடின தேத்தண்ணி. டிரம்ஸ்காரர்தான் என் ஆள், தாளக் கணக்கை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வெளியே சும்மா இருப்பது போல வாசிக்கிறார். நடுவில் மற்ற மூவரும் தனித்தனியாக வாசிக்கவும் இடம் விட்டிருக்கிறார் கார்பரேக், எங்கள் தனி ஆவர்த்தனம் மாதிரி. ஆள் தன் பங்கை முடித்ததும் சபை கை தட்டும், பாட்டு முடியும்வரை காத்திருக்காது.

ஒரு விசயம் மட்டும் மனதை அறுத்தது. இந்தக் குழுவில் பல வருடம் பேஸ் வாசித்தவர் எபர்ஹார்ட் வேபர். அதே 2007இல், இந்தக் கச்சேரிக்குச் சில மாதங்களுக்கு முன், அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. அப்புறம் அவரால் வாசிக்க முடியவில்லை, அந்த இடத்துக்கு வந்தவர்தான் யூரி டானியல். ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. பழைய பயணக் கச்சேரிகளின் ஒலிப்பதிவுகளில் இருந்த தன் தனி வாசிப்புகளைத் தேடி எடுத்து, அவற்றின் மேல் கீபோர்டு சேர்த்து, 2012இல் தன் பெயரில் ஒரு தட்டே கொண்டு வந்தார். உங்களுக்கு வாதம் வந்த பிறகு வயலின் வில்லைத் தொடவே மாட்டேன் என்று பெட்டியைப் பூட்டி வைத்திருக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

பங்குனியில் மச்சாள் ஊருக்கு வருகிறா. இரண்டு தட்டுகளையும் பென் டிரைவில் போட்டு, நோ எண்ணெயோடு அவவிடம் கொடுத்து விடுகிறேன். டிவியிலேயே செருகிக் கேட்கலாம், தம்பிக்குத் தெரியும். முதலில் 'பேப்பர் நட்'டைக் கேளுங்கள். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள், பெரியம்மாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்