காவல் மென்பொருள் குறித்து நண்பனுக்கு

அன்புள்ள சந்தானம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கு அனைவரும் நலம். புதிய மடிக்கணினியில் எந்த ஆன்டிவைரஸைப் போடலாம், விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை வேறொருவரின் கணினி வழியாக மறைத்து அனுப்பும் சேவை) வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

காவலுக்கு வைக்கும் மென்பொருளைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வேறு எதற்கும் கொடுக்காத அனுமதிகளை அதற்குக் கொடுக்கிறோம். நாம் திறக்கும் கோப்பும் பார்க்கும் தளமும் அதற்குத் தெரியும். பலர் இலவசமாகப் பயன்படுத்திய அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ், தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வழியாக 2014 முதல் 2020 வரை நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு விற்றது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டி, 2024இல் 1.65 கோடி டாலர் செலுத்த வைத்தது. காவலன் என்று நம்பியவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி அது. ஆகவே, விலையில்லாமல் ஒன்று கிடைத்தால், அதை நடத்தும் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேள்.

விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை அணைக்காமல், அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாமல் இருந்தால் உன் தேவைக்கு அதுவே போதும். இலவச விபிஎன் வேண்டாம். வங்கித் தளங்கள் ஏற்கெனவே மறையாக்கத்தோடுதான் (இடையில் உள்ளவர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி அனுப்பும் முறை) இயங்குகின்றன. இணைய இணைப்பு தரும் நிறுவனத்திடம் மறைப்பதை முகம் தெரியாத விபிஎன்காரரிடம் காட்டுவதில் என்ன பயன்?

நீ நேரம் செலவிட வேண்டியது பாஸ்வேர்டுகளில்தான். எல்லாக் கணக்குகளுக்கும் ஒன்றையே வைத்திருந்தால், ஏதோ ஒரு கடையின் தளத்திலிருந்து கசிந்ததை திருடர்கள் உன் மின்னஞ்சலிலும் போட்டுப் பார்ப்பார்கள். கணக்குக்கு ஒன்றாக வைத்து, அவற்றைச் சேமித்து வைக்கும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்து. நான் பரிந்துரைப்பது கீபாஸ்எக்ஸ்சி. அது கட்டற்ற மென்பொருள். அதன் மூலநிரலை யாரும் படித்துச் சோதிக்கலாம். பாஸ்வேர்டுகள் அனைத்தும் மறையாக்கம் செய்த ஒரே கோப்பாக உன் கணினியிலேயே இருக்கும். 2022இல், பாஸ்வேர்டுகளை இணையத்தில் சேமித்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் திருடு போனபோது, அவற்றில் தள முகவரிகள் மறையாக்கமின்றியே இருந்தன என்பதை எண்ணினால், கோப்பு நம் கையில் இருப்பதன் அருமை புரியும். உலாவியில் சேர்க்கும் அதன் துணைநிரலான நீட்சியையும் சேர்த்துக்கொண்டால், பதிந்து வைத்த முகவரியில் மட்டுமே அது பாஸ்வேர்டை நிரப்ப முன்வரும். வங்கியின் தளத்தைப் போலவே தோன்றும் போலித் தளத்தில் நம் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. கைபேசியிலும் தானாக ஒத்திசைய வேண்டுமானால் பிட்வார்டன் நல்லது. அதுவும் மூலநிரல் வெளியிடப்பட்டதே.

வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி தொலைவிலிருந்தே நம் கருவியை இயக்க வழிவிடும் எனிடெஸ்க் போன்ற செயலியை யாரேனும் நிறுவச் சொன்னால் உடனே அழைப்பைத் துண்டித்துவிடு. ரிசர்வ் வங்கி 2019இலேயே இதுபற்றி எச்சரித்திருக்கிறது.

கீபாஸ்எக்ஸ்சியை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்கிக்கொள். அந்தக் கோப்பைத் திறக்கும் முதன்மைப் பாஸ்வேர்டு மறந்துவிட்டால் அதை மீட்டுத்தர எவராலும் இயலாது. ஆகையால் அதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, கோப்பின் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து, இரண்டும் இருக்கும் இடத்தைத் தங்கை கோமதியிடம் சொல்லி வை. நிறுவும்போது எங்கேனும் தடுமாறினால் இரவு எட்டு மணிக்கு மேல் அழை. உடனிருந்து சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
இராமநாதன்