காலண்டர் தாளின் பின்பக்கம்

சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் தம்பியும் நலமாக இருக்க வேண்டும் என்று இன்று காலை சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டேன். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடுதாசி எழுதுகிறான் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ரூமில் இருக்கும் அண்ணன் ஒருவர் நாளை லீவில் திருச்சி வருகிறார். அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். தம்பியைப் படித்துக் காட்டச் சொல்.

சேஃப்டி சூப்பர்வைசர் கோர்ஸ் பாஸ் ஆகிவிட்டேன் என்று போன மாதம் சொன்னேன் அல்லவா? அது மூன்றாவது தடவை அம்மா. முதல் இரண்டு தடவையும் ஃபெயில். முதல் தடவைக்குக் கம்பெனி பணம் கட்டியது. அப்புறம் இரண்டு தடவையும் என் கைக்காசு. தீபாவளிக்குப் பணம் குறைவாக அனுப்பிவிட்டு "ஓவர்டைம் இல்லை" என்று சொன்னேனே, அது பொய். அன்றிலிருந்து மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

வேலை தெரியாமல் ஃபெயில் ஆகவில்லை. கேள்வியின் கடைசியில் 'எக்ஸெப்ட்' என்று ஒரு வார்த்தை போட்டிருப்பார்கள். 'தவிர' என்று அர்த்தம். நான் அதை 'அக்செப்ட்', அதாவது ஏற்றுக்கொள்வது, என்று புரிந்துகொண்டேன். "இவற்றில் எது தவிர மற்றவை சரி" என்று கேட்டால் நான் சரியான பதிலாகப் பார்த்து டிக் அடித்துக்கொண்டிருந்தேன். எட்டு வருஷமாக சாரத்தில் ஏறி இறங்குகிறவன் ஒரு வார்த்தையில் விழுந்தேன். அன்று ராத்திரி லாரியில் யாரோடும் பேசாமல் வந்தேன்.

2020 ஏப்ரலில் கொரோனாவால் நாங்கள் தங்கும் டார்மிட்டரியை அடைத்தது உனக்கு நினைவிருக்கும். ரூமில் பன்னிரண்டு பேர். வேலை இல்லை, வெளியே போக முடியாது, என்ன கிழமை என்றே தெரியாது. மன்னார்குடியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த தினசரி காலண்டர் சுவரில் தொங்கியது. காலையில் எழுந்ததும் அதைக் கிழிப்பது என் வேலை என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு வேலைக்காகத்தான் சில நாள் பாயை விட்டு எழுந்தேன். அப்புறம் அது விடவே இல்லை.

முதல் தடவை ஃபெயில் ஆன பிறகு, கிழித்த தாளின் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அதில் பத்து இங்கிலீஷ் வார்த்தை எழுத ஆரம்பித்தேன். தமிழ் அர்த்தத்தையும் பக்கத்திலேயே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். விடியுமுன் லாரி கிளம்பினால் சைட்டுக்குப் போக முக்கால் மணி நேரம். மற்றவர்கள் தூங்குவார்கள். நான் செல்போன் வெளிச்சத்தில் தாளைப் பார்ப்பேன். வேர்வையில் மையெல்லாம் ஊறி, சாயங்காலம் பார்த்தால் பாதி வார்த்தை இருக்காது. அதற்குள் மனசில் ஏறியிருக்கும்.

ஒரு தடவை நாலு நாள் தொடர்ந்து இரவு கான்கிரீட். தாள் எழுதவில்லை. ஐந்தாம் நாள் நாற்பது வார்த்தையும் சேர்த்து எழுதினேன், ஒன்றும் நிற்கவில்லை. நம் மாட்டுக்கு நாலு நாள் தீவனத்தை ஒரே வேளையில் கொட்டினால் தின்னுமா? அப்போது உன்னைத்தான் நினைத்தேன். காய்ச்சலோ மழையோ நாலு மணிக்குப் பால் கறக்க எழுந்துவிடுவாய். அப்பா போன வாரத்தில்கூட எழுந்தாய். விட்டது விட்டதுதான் என்று, மறுநாளிலிருந்து மறுபடி பத்தே வார்த்தை.

இரண்டாவது தடவையும் போச்சு. வார்த்தை தெரிந்தது, முழுக் கேள்வி பிடிபடவில்லை. அதன்பின் தாளுக்கு ஒரு கேள்வி என்று மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டுத் பக்கத்தில் தேக்கா மார்க்கெட்டில் சாப்பிட்டு, விக்டோரியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் தேசிய நூலகத்துக்கு நடந்தே போய்விடுவேன். ஏசியில் உட்கார்ந்து படிக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தமிழ்ப் புத்தகமும் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதன், சனி, ஞாயிறு இங்கே நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கல். நானும் வாரம் பத்து வெள்ளிக்கு, அதாவது பத்து சிங்கப்பூர் டாலருக்கு, எழுதிக்கொண்டிருந்தேன். வருஷத்துக்கு 520 வெள்ளி. கணக்குப் போட்ட அன்றோடு நிறுத்தினேன். மூன்றாவது தடவை பீஸ் அதில் மிச்சமானதுதான்.

இப்போது காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசுவது, நான்தான் எடுக்கிறேன். தமிழில் சொல்லிவிட்டு, தெரிந்த நாலு வார்த்தை வங்காளத்தில் பங்களாதேஷ் பையன்களுக்கும் சொல்வேன். மூன்று மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலை என்றால் பெர்மிட், அதாவது எழுத்தில் அனுமதி, இல்லாமல் தொடங்கக் கூடாது. ஹெல்மெட், பெல்ட் எல்லாம் கடைசிக் காவல். முதலில் அந்த ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். போன வாரம் ஒரு பையன் பெல்ட் கொக்கியை மாட்டாமல் சாரத்தில் நடந்தான். கீழே இறக்கிவிட்டேன். வேலை கால் மணி நேரம் தள்ளிப்போனது என்று போர்மேன் சத்தம் போட்டார். பரவாயில்லை. அவனுக்கும் ஊரில் ஒரு அம்மா இருக்கிறாள்.

தம்பி, இது உனக்கு. நாலு அரியர் இருக்கிறது, படிப்பை விட்டுவிட்டு இங்கே வருகிறேன் என்கிறாய். ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்காதே. அதை அடைக்க எனக்கு எவ்வளவு நாள் ஆனது என்று அம்மாவுக்குத் தெரியும். தெர்மல் பேப்பரை மட்டும் முதலில் எடு. தினம் ஒரே ஒரு கணக்கு. ஏழு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பு. இங்கே அப்போது ஒன்பதரை, நான் முழித்துத்தான் இருப்பேன். தப்பாக இருந்தாலும் அனுப்பு. எனக்குக் கணக்கு தெரியாது, ஆனால் வந்ததா என்று பார்ப்பேன்.

அம்மா, கோடாலித் தைலம் ஆறு பாட்டில் வைத்திருக்கிறேன். இரண்டை எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குக் கொடு. மூட்டு வலி என்றார்களே. அண்ணன் திரும்பி வரும்போது அடுத்த வருஷத் தினசரி காலண்டர் ஒன்று கொடுத்துவிடு. ஜவுளிக்கடையில் கொடுப்பது சின்னது. மளிகைக்கடைக்காரரிடம் கேள், அவர் கொடுப்பது பெரிய தாள்.

உன் அன்பு மகன்