டெக்சாஸில் வரியே கிடையாதாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில், கலிஃபோர்னியாவை விட்டு டாலஸுக்குக் குடிவந்த குடும்பத்தைப் பற்றிய கட்டுரையில் "டெக்சாஸில் மாநில வரி என்று ஒரு சென்ட் கூடக் கிடையாது" என்று போட்டிருக்கிறீர்கள். பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறேன், இது தெரியாமல் போச்சே. மாநில வருமான வரி கிடையாது என்று எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

நான் ஒரு பள்ளி உணவகத்தில் வேலை பார்க்கிறேன், வருஷத்துக்கு 28,000 டாலர். போன வருஷம் பழைய கார் ஒன்றை 8,000 டாலருக்கு வாங்கினேன். அதற்கு 6.25% வரி, சுளையாக 500 டாலர். கட்டுரையில் வருகிறவருக்கும் அதே 6.25%தான், ஆனால் அவருக்கு அந்த 500 எத்தனை மணி நேரச் சம்பளம், எனக்கு எத்தனை நாள் சம்பளம்? அரிசி பருப்புக்கு வரி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சோப்பு, துணி, செருப்பு, பாத்திரம் எது வாங்கினாலும் எங்கள் ஊரில் 8.25% விழுகிறது. ரெசீப்ட் எல்லாம் டிராயரில் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

அப்புறம் வாடகை. சொத்து வரியில் பள்ளிகளுக்குப் போகும் பங்கான பள்ளி வரியைக் கணக்கிடும்போது, சொந்த வீட்டுக்காரர்களுக்கு வீட்டு மதிப்பில் தரும் விலக்கை 2023-ல் 40,000-லிருந்து ஒரு லட்சம் டாலராக ஆக்கினார்கள், நீங்களும் அதைக் கொண்டாடி இரண்டு பக்கம் எழுதினீர்கள். எனக்கு அதே வருஷம் லீஸ் புதுப்பிக்கும்போது வந்த கடிதத்தில் "சொத்து வரி முதலான செலவுகள் கூடியதால்" மாதம் 85 டாலர் ஏற்றியிருந்தார்கள். வாடகைக்கு இருக்கிறவர்களும் உங்கள் இதழைப் படிக்கிறோம் ஐயா, சந்தாவும் கட்டுகிறோம். முன்பு ஐந்து லட்சம் டாலர் வீட்டை "தொடக்க வீடு" என்று எழுதினீர்கள், அதற்கு நான் போட்ட கடிதத்தில் "இதழ் அருமை" என்ற முதல் வரியை மட்டும் அச்சிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

கலிஃபோர்னியாவின் 13.3% வருமான வரியைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்கள். அது பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கான விகிதம், என்னைப் போன்றவர்களுக்கு அங்கே 1%-லிருந்துதான் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஐ.டி.இ.பி. என்ற ஆய்வு நிறுவனம் 2024 ஜனவரியில் எல்லா மாநிலங்களுக்கும் கணக்குப் போட்டு வெளியிட்டது. வருமான வரியே இல்லாத ஃப்ளோரிடாவில் அடிமட்ட 20% பேர் தங்கள் வருமானத்தில் 13.2% மாநில, உள்ளூர் வரியாகக் கட்டுகிறார்கள், உச்சியில் இருக்கும் 1% பேர் 2.7%. ஏழைகளைப் பிழிவதில் அந்தப் பட்டியலின் முதல் பத்தில் எங்கள் டெக்சாஸும் இருக்கிறது. கலிஃபோர்னியா அதில் இல்லை. அங்கே வாடகை கொள்ளை என்பீர்கள், சரி, ஆனால் அது வேறு கதை, கட்டுரை வரியைப் பற்றியது.

அடுத்த முறை மாநிலங்களை ஒப்பிடும்போது இரண்டு லட்சம் டாலர்க்காரர் பக்கத்தில் முப்பதாயிரம் டாலர்க்காரருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். இந்த இதழில் இடமில்லை என்றால் "ஒரு சென்ட் கூட" என்பதற்கு ஒரு வரித் திருத்தமாவது போடுங்கள், போதும். "இதழ் அருமை" என்று இந்தத் தடவை எழுதவில்லை, வெட்டி எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
டாலஸ் வாசகி ஒருத்தி