ஜெர்மன் படிக்கிற நர்ஸ் பொண்ணுங்களுக்காக

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

பேப்பர்ல அடிக்கடி வர்ற 'ஜெர்மனியில் நர்ஸ் வேலை, 6 மாசத்துல பி2' விளம்பரங்களப் பாத்துட்டுதான் எழுதறேன் (பி2ன்னா ஜெர்மன் மொழிப் பரீட்சைல நாலாவது படி, பி1 அதுக்கு முந்தினது), அப்படி ஒண்ண நம்பி சேந்தவ நான். ஆறு மாசம் கழிச்சு பி2 இல்ல, பி1தான் எழுதினேன், அதுலயும் லிசனிங்ல 52. பரீட்சைல நாலு பகுதி, அதாவது மாட்யூல், ஒவ்வொண்ணுக்கும் 100க்கு 60 வேணும். மத்த மூணும் பாஸ், விட்டத மட்டும் திரும்ப எழுதலாம், ஆனா அன்னைக்கு அதெல்லாம் காதுல ஏறல, நமக்கு மண்டை இல்லன்னு முடிவு பண்ணி ரெண்டு மாசம் புக்கையே தொடல.

பி2க்கு 45 நிமிஷ கிளாஸ் 600ல இருந்து 800 வரைக்கும் ஆகும்னு ஜெர்மன் சொல்லிக் கொடுத்து பரீட்சையும் வைக்கிற கோத்தே இன்ஸ்டிட்யூட்டே சொல்லுது. கணக்கு போட்டுப் பாருங்க, ஆறு மாசத்துல முடிக்கணும்னா ஞாயிறு கூட லீவு இல்லாம தினம் மூணு கிளாஸுக்கு மேல, இதுல நைட் டியூட்டி முடிச்சுட்டு வர்ற பொண்ணு எங்க போவா? இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டு மாசம் வீணாயிருக்காது.

இன்னொண்ணு, கிளாஸ் முழுக்க இங்கிலீஷ்ல. எங்க பேட்ச்ல பாதி பேர் தமிழ் மீடியம். குளிருதுன்னு சொல்ல இங்கிலீஷ் மாதிரியே 'இஷ் பின் கால்ட்'னு எழுதி எழுதி தப்பு வாங்கினோம், சரியானது 'மியர் இஸ்ட் கால்ட்', 'மியர்'னா 'எனக்கு', எனக்கு குளிருது, அவ்வளவுதான்! 'வைல்'னா 'ஏன்னா', அது போட்டா வினை வாக்கியத்தோட கடைசிக்குப் போகும்னு எல்லாரும் முழிச்சோம், 'டியூட்டி இருக்கறதால'ன்னு நாம சொல்றப்ப 'இருக்கு' கடைசிலதான வருது. தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்து நிமிஷத்துல புரிஞ்சிருக்கும்.

ஜெர்மன்ல ஒவ்வொரு பொருள் பேருக்கும் முன்னாடி பால் பாத்துப் போடற டெர் (ஆண்), டீ (பெண்), டாஸுக்கு (ரெண்டும் இல்லாதது) மட்டும் தமிழ் கை கொடுக்காது, அதுக்குப் பொறுமைதான். டிரெஸ்ஸிங் டிரேல இருக்கற கட்டுத்துணி ஆண்பால், சிரிஞ்ச் பெண்பால், பிளாஸ்டர் ரெண்டும் இல்ல. வார்டுல கலர் டேப் ஒட்டி வச்சேன், ஆணுக்கு நீலம், பெண்ணுக்கு சிவப்பு, மத்ததுக்கு பச்சை. இப்ப சிரிஞ்ச எடுத்தா 'டீ ஷ்ப்ரிட்ஸ'ன்னு தானா வாயில வருது. லிசனிங்கும் ரெண்டாவது தடவை கிளியர் பண்ணிட்டேன், பி2 படிச்சுட்டு இருக்கேன்.

விளம்பரத்துல மாசக் கணக்குக்குப் பதிலா மொத்தம் எத்தனை மணி நேரம் கிளாஸ்னு போடச் சொல்லுங்க ஐயா. முடிஞ்சா வாரம் கால் பக்கம், தமிழ் வழியா ஜெர்மன் இலக்கணம் போடுங்க, எங்க ஹாஸ்டல்ல கட் பண்ணி சுவத்துல ஒட்டுவோம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
திருச்சி.