கூரியரில் மாத்திரை வேண்டாம்

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன். அதனால் உன் பழைய கணக்கு நோட்டில் மீந்திருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். தங்கச்சி படம் எடுத்து அனுப்புவாள்.

அப்பாவின் பக்கவாதத்துக்கென்று நீ கூரியரில் அனுப்பப்போகும் அந்த மாரவிராக் மாத்திரையை வாங்காதே. யாரோ நண்பர் மூலம் ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னாயே, அவரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிடு. சும்மா சொல்லவில்லை. நேற்று சாயந்தரம் இங்கே ஒரு மெடிக்கல் காலேஜில் பார்மகாலஜி டிபார்ட்மென்ட்காரர்கள் பொதுமக்களுக்காக ஒரு கூட்டம் போட்டார்கள். பக்கவாதத்திலிருந்து மீள்வதற்கு என்னென்ன மருந்து ஆராய்ச்சி நடக்கிறது என்பதுதான் பேச்சு. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். ஆட்டோவில் ஏற்றி இறக்கியதுதான் பெரும்பாடு. ஹால் பழைய கேலரி, மரப்படிகள் மேலே மேலே போகின்றன. ஏற முடியாது என்று பேச்சாளரின் மேசை பக்கத்திலேயே நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார் உங்கப்பா.

பேசியவர் ஒரு பேராசிரியை. எச்.ஐ.வி. மருந்து பக்கவாதத்துக்கும் உதவலாம் என்று நீ லிங்க் அனுப்பிய செய்தி பொய்யில்லை, அவரும் அதைச் சொன்னார். எச்.ஐ.வி. கிருமி செல்லுக்குள் நுழைய சி.சி.ஆர்.5 என்று ஒரு வாசல். அதை அடைக்கிற மருந்து மாரவிராக். 2007ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பக்கவாதம் வந்தபின் மூளை நரம்பணுக்களில் இதே சி.சி.ஆர்.5 கூடுகிறது, அதை அடைத்தால் எலிகள் நன்றாகத் தேறுகின்றன என்று 2019ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே அந்த வாசல் பழுதாக இருப்பவர்களும் உண்டாம். டெல் அவிவில் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்ததில், அப்படிப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். கேட்கக் கேட்க எனக்கே ஆசை வந்துவிட்டது, உன்னைச் சொல்லி என்ன.

முடிந்ததும் எழுந்து கேட்டேன். மனிதர்களிடம் இதைச் சோதிக்க முன்னின்றவர்கள் கனடாவில் உன் ஊர் கால்கரி டாக்டர்கள்தானாம், தெரியுமா? ஆனால் அவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டது பக்கவாதம் வந்து சில வாரமே ஆனவர்களை. அதுவும் மாத்திரையோடு பயிற்சியும் சேர்த்து. "சாருக்கு எட்டு மாசம் ஆச்சே, பிரஷர் மாத்திரை வேற சாப்பிடறாரே" என்றார் பேராசிரியை. இந்த மருந்தில் படுத்து எழும்போது பிரஷர் சட்டென்று இறங்கலாம், கல்லீரலையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்து கவுன்ட்டரில் 31 வருஷம் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் நான். நீ லிங்க் அனுப்பிய அன்றே இதெல்லாம் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஃப்ளூவாக்ஸெட்டின் கதையையும் கேள். மனச்சோர்வுக்கு அதை எத்தனை ஆயிரம் பட்டை கொடுத்திருப்பேன்! 2011ல் பிரான்சில் 118 பேரிடம் கொடுத்துப் பார்த்தபோது கை கால் அசைவு நன்றாகத் தேறியது. உலகமே துள்ளியது. பிறகு பிரிட்டனில் 3,127 பேர், ஸ்வீடனில் 1,500 பேர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, வியட்நாம் சேர்த்து 1,280 பேர். மூன்று இடத்திலும் மீட்சியில் வித்தியாசமே இல்லை. எலும்பு முறிவுதான் கூடியது. நம் வீட்டு வழுவழுத் தரையை நினைத்துக்கொண்டேன். அப்பாவின் மருந்துச் சீட்டில் இருந்த சிட்டிகோலின் மாத்திரையும் அந்த ரகம்தான்: 2012ல் 2,298 பேரிடம் பார்த்துப் பலனில்லை என்று வந்தது. டாக்டரிடம் கேட்டு அதை நிறுத்தச் சொல்லப்போகிறேன். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் அப்படியே தொடரும், பயப்படாதே. அவை அடுத்த அடைப்பு வராமலிருக்க.

எனக்கு மிகவும் பிடித்தது பிரேக் கதை. செத்த இடத்தைச் சுற்றி உயிரோடிருக்கும் மூளைப்பகுதி தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறதாம், காபா என்கிற ரசாயனத்தால். 2010ல் எலிகளுக்கு அந்த பிரேக்கைத் தளர்த்தும் மருந்தை மூன்றாம் நாள் தொடங்கிக் கொடுத்தார்கள், கை கால் தேறியது. அதையே முதல் நாளே கொடுத்தால் சேதம் அதிகமானது! ஆரம்பத்தில் காப்பாற்றுகிற பிரேக்தான் பிறகு நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சரி, மனிதனுக்கு? இதே வழியில் வந்த ஒரு மருந்தை 14 நாடுகளில் 585 பேரிடம் சோதித்தார்கள். 2020ல் முடிவு வந்தது, உதவவில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர், புறா ரத்தம் தேய்த்தால் கை விளங்குமா என்று கேட்டார். ஹால் முழுக்கச் சிரிப்பு. பேராசிரியை அம்மா சிரிக்கவில்லை. "விளங்காது ஐயா. ஆனா சிரிக்க எங்களுக்கும் யோக்கியதை இல்லை" என்றார். பக்கவாதத்துக்கு ஆய்வுக்கூடங்களில் சோதித்த மருந்துகளையும் வழிகளையும் 2006ல் எண்ணிப் பார்த்தார்களாம், 1,026. அதில் நோயாளிக்கு உதவும் என்று அன்று நின்றவை ஆஸ்பிரினும் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியும்தான்.

அந்த ஊசியைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் எனக்கு உட்கார முடியவில்லை. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிஷத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று திரையில் காட்டினார்கள். மனசுக்குள் பெருக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

செந்தில், தெரிந்தவுடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். காலை ஆறு மணிக்கே அப்பா காபி டம்ளரைக் கீழே போட்டுவிட்டு, கை மரத்துப்போச்சு என்றார். ராத்திரி கையை மடக்கிப் படுத்திருப்பார் என்று நினைத்து நான்தான் தைலம் தேய்த்தேன். வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தேன். படுங்க, சரியாயிடும் என்றேன். வாய் கோணியதைப் பார்த்தது பதினோரு மணிக்கு. ஸ்கேன் எடுத்தபோது மணி ஒன்றாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்படி ஆகியிருந்தால் ஆறு மணிக்கே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன். எட்டு மாசமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. நீ லிங்க் அனுப்பும்போதெல்லாம் திட்டிக்கொண்டே ராத்திரி அதைப் படித்ததும் இதனால்தான்.

எலிகளைப் பற்றிப் பேராசிரியை இன்னொன்று சொன்னார், வீட்டுக்கு வந்தும் அதுவே மண்டைக்குள் ஓடியது. 1982ல் மூளையில் ஒரு பகுதி நீக்கப்பட்ட எலிகளுக்கு, மூளையைத் தூண்டுகிற ஆம்ஃபெட்டமின் ஊசி போட்டு, மெல்லிய சட்டத்தின் மேல் நடக்கவிட்டார்கள். சீக்கிரம் நடை வந்தது. அதே ஊசியைப் போட்டு நகரவிடாமல் அடைத்து வைத்த எலிகளுக்குப் பலனே இல்லை. (மனிதர்களிடம் அந்த மருந்து எடுபடவில்லை, அது வேறு.)

2006ல் வந்த ஓர் ஆய்வில் 222 பேருக்கு, பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதத்துக்குள், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு இரண்டு வாரம் கெட்ட கையாலேயே வேலை வாங்கினார்கள். கை தேறியது, ஒரு வருஷம் கழித்தும் நின்றது. விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது நிமிர்கிறவர்களுக்குத்தான் இது. அப்பாவுக்கு நிமிர்கிறது. நம் பிசியோ பையனும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான், நான்தான் பாவம் பார்த்து ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஆச்சியின் பல்லாங்குழியை இறக்கித் துடைத்தேன். இடது கையில் என் பழைய அடுப்பு உறையை மாட்டிவிட்டேன். குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. முதல் கொட்டையை நகத்தால் தள்ளித் தள்ளி விளிம்புவரை கொண்டுவந்தார், அங்கே வழுக்கி மறுபடி உள்ளே விழுந்தது. ஏழாவது தடவை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாட்டியது. அடுத்த குழியில் போடுவதற்குள் முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், சுத்தமாக வந்தது. ஒரு குழி முடிக்க இருபத்திரண்டு நிமிஷம்.

மாத்திரைக்கு எடுத்து வைத்த பணத்தை பிசியோ பையனுக்கு அனுப்பு, தினமும் வரச் சொல்லலாம். அடுத்த ஞாயிறு நீ வீடியோவில் வரும்போது போனை அப்பாவின் வலது கையில் கொடுப்பேன். கூரை தெரியும், ஃபேன் தெரியும், பாதி நேரம் அவர் காதுதான் தெரியும். "அம்மா, போனைப் பிடி" என்று கத்தாதே. நான் அடுப்படியில் இருப்பேன்.

அம்மா